பலிபீடத்தில் இரண்டு ரெக்கார்ட் பிளேயர்

நைட் கிளப் டி.ஜே. என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காதில் பெரிய ஹெட்ஃபோன், காற்றில் ஒரு கை, எதிரே வேர்க்க விறுவிறுக்க ஒரு கூட்டம். 'யாரோ பாடினதை இவர் போடறார். இதுக்குப் போய் இத்தனை சம்பளமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிய 1968-ம் வருஷத்து நியூயார்க்குக்குப் போகவேண்டும்.

பிரான்சிஸ் கிராஸோ. புரூக்ளின் பையன். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட கால் தேறுவதற்காக டான்ஸ் ஆட ஆரம்பித்து, கிளப்புகளில் சம்பளத்துக்கே ஆடியவர். ஒரு ராத்திரி 'சால்வேஷன் டூ' என்ற கிளப்புக்குப் போனார். வழக்கமாக ரெக்கார்ட் போடுகிற டெர்ரி நோயல் என்பவரைக் காணோம். இவரைப் போடச் சொன்னார்கள். நோயல் வந்து சேர்ந்தபோது அவருடைய வேலை போயிருந்தது!

கிராஸோ முதலில் ஆடினவர், அப்புறம்தான் ரெக்கார்ட் போட்டவர். இது முக்கியம். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு முடியும். ஒரு விநாடி மௌனம். அடுத்த பாட்டு வேறு வேகத்தில் ஆரம்பிக்கும். ஆடுகிறவனுக்கு அந்த ஒரு விநாடி போதும், நாற்காலியைத் தேடிப் போய்விடுவான். அந்த இடைவெளியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது காலால் யோசித்தவருக்குத்தான் தோன்றியிருக்க முடியும்.

ஒழிக்கிற வித்தை ரேடியோவிலிருந்து வந்தது. வானொலி நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். சுழலும் தட்டுக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே வழுக்குகிற மாதிரி ஒரு துணி. கீழே தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே ரெக்கார்டை விரலால் அழுத்திப் பிடித்திருப்பார்கள். அறிவிப்பாளர் பேசி முடித்த அடுத்த கணம் விரலை எடுத்தால் போதும். தட்டு வேகம் பிடிக்கும்வரை பாட்டு 'ங்ங்ஙே' என்று இழுக்காது. ரேடியோக்காரர்களுக்கு இது நேரத்தை மிச்சப்படுத்துகிற சமாச்சாரம். கிராஸோ இதை டான்ஸ் தரைக்குக் கொண்டுவந்தார்.

அதோடு விடவில்லை. ஒரு பாட்டில் நிமிஷத்துக்கு 120 தாளம், அடுத்ததில் 124 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் கால் மணி நேரம் வேண்டாம், கால் நிமிஷத்திலேயே ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். வேகமானதைச் சுமார் மூன்று சதவிகிதம் குறைக்க வேண்டும். அதுவும் எந்த இடத்தில்? கூட்டத்துக்கு ஒரு பாட்டு கேட்க, ஹெட்ஃபோனில் இவருக்கு மட்டும் இன்னொன்று கேட்கும்போது, காதாலேயே! அப்போதைய டிரம்மர்கள் கம்ப்யூட்டர் அல்ல, ரத்தமும் சதையுமான மனிதர்கள். உற்சாகம் வந்தால் வேகம் கூட்டுவார்கள், அலுத்தால் குறைப்பார்கள். இவர் கை அதற்கெல்லாம் ஈடுகொடுத்தாக வேண்டும். 'சிகாகோ' குழுவின் 'ஐயம் எ மேன்' பாட்டில் வருகிற டிரம்ஸ் மேல், லெட் ஸெப்லின் பாட்டின் முனகலை ஏற்றி ஓடவிடுவாராம். கேட்டவர்கள் பல வருஷம் கழித்தும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இது நடந்த இடம் இன்னும் வேடிக்கை. நாற்பத்து மூன்றாவது தெருவில் ஜெர்மன் பாப்டிஸ்ட்காரர்களின் பழைய சர்ச் ஒன்றை கிளப்பாக்கி 'சாங்க்சுவரி' என்று பெயர் வைத்தார்கள். பலிபீடம் இருந்த இடத்தில் இரண்டு ரெக்கார்ட் பிளேயர்கள், நடுவே கிராஸோ. பக்திமான்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை, எனக்கே லேசாக உறுத்துகிறது. ஆனால், ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் வருகிற ஊராக இருந்தது நியூயார்க். 1969-ல் ஸ்டோன்வால் கலவரம் நடந்ததற்குப் பிறகு, அப்படிப்பட்டவர்கள் பயமில்லாமல் ஆடக் கிடைத்த முதல் பெரிய தளங்களில் அதுவும் ஒன்று. பாட்டு நிற்காமல் ஓடுவதற்கு அவர்களிடம் வேறு அர்த்தம் இருந்திருக்கும். 1972-ல் இழுத்து மூடிவிட்டார்கள்.

தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கிற வழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. கிராஸோ பூட்டவில்லை. மைக்கேல் கபெல்லோ, ஸ்டீவ் டி அக்விஸ்டோ என்ற இரண்டு பேருக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடமும் இல்லை, ஃபீஸும் இல்லை. இந்த டி அக்விஸ்டோவும் நண்பர்களும் சேர்ந்து 1975-ல் 'ரெக்கார்ட் பூல்' என்று ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் புதுத் தட்டுகளை அங்கே கொடுத்துவிட்டால், டி.ஜே.க்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். பாட்டை ஹிட்டாக்குவது ரேடியோ மட்டுமல்ல, நாங்களும்தான் என்று கம்பெனிகளை ஒப்புக்கொள்ள வைத்த ஏற்பாடு அது.

ரேடியோவிலிருந்து வாங்கிய கடன் சீக்கிரமே திரும்பப் போனது. 1981-ல் சிகாகோவின் டபிள்யூ.பி.எம்.எக்ஸ். நிலையத்தில் 'ஹாட் மிக்ஸ் ஃபைவ்' என்ற ஐந்து டி.ஜே.க்கள் இடைவெளியே இல்லாமல் ரெக்கார்டுகளைக் கோத்துப் போட, கிளப்புக்குள் நுழைய வயசு போதாத பையன்கள் வீட்டில் டேப்பில் பதிவு பண்ணினார்கள். அவர்களில் பலர் பிற்பாடு டி.ஜே. ஆனார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். இன்றைக்கு இரண்டு பாட்டின் வேகத்தைச் சமமாக்க ஒரு பட்டன் போதும், சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆக, அந்த வேலைக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதில்லை. இரவு ஒரு மணிக்கு இருநூறு பேர் களைத்துத் தள்ளாடும்போது அடுத்து எந்தப் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்கு பட்டன் கிடையாது. என்னைக் கேட்டால் சம்பளம் அதற்குத்தான்.

கிராஸோவுக்கு அந்தச் சம்பளமும் ரொம்ப நாள் வரவில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில் ரெக்கார்டுகளை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இவர் கண்டுபிடித்ததற்கு பேட்டன்ட்டும் இல்லை, ராயல்டியும் இல்லை. 2001-ல், ஐம்பது சொச்சம் வயசில் இறந்தார். அடுத்த வருஷம், ரன் டி.எம்.சி. குழுவின் ஜாம் மாஸ்டர் ஜேயும் கூட்டாளிகளும் சேர்ந்து நியூயார்க்கில் 'ஸ்க்ராட்ச் டி.ஜே. அகாடமி' ஆரம்பித்தார்கள். ஃபீஸ் கட்டி மாணவர்கள் வரிசையில் நின்றார்கள், இரண்டு ரெக்கார்டுகளை ஒன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள.