சயாம் ஆன்டிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆன்டி,

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. மலாயில் நேரிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நன்றி என்று வாயெடுத்தாலே கையை ஆட்டிவிட்டு, அடுத்த ஆளுக்குக் கோழி மடிக்கப் போய்விடுகிறீர்கள். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஆயர் ஈத்தாம் பசாரைச் சுற்றித் தாய் சில்லி சோஸ் போத்தல் இல்லாத கடை கிடையாது. விலையும் அதிகமில்லை. பிறகு எதற்கு வீட்டில் கிண்டுகிறாய் என்று என் மாமியார் இன்றும் கேட்கிறார். போத்தலில் இருப்பது முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை சீனிதான். நீங்கள் பொரித்த கோழியோடு பொட்டலம் கட்டித் தருவதில் பூண்டு பல்லில் கடிபடும், புளிப்பு தாடையைச் சற்றே இழுக்கும், காரம் கடைசியில் வந்து சேரும். அதன் செய்முறையைக் கேட்டபோது தொழில் ரகசியம் என்று மறைக்காமல், கூட்டம் குறைந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் கூப்பிட்டுக் காட்டினீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி.

கேட்பவர்களுக்கெல்லாம் இப்போது நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மங்கு சீனி, அரை மங்கு அரிசி வினிகர், அரை மங்கு தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. நன்கு பழுத்த சிவப்பு மிளகாய் ஐந்தாறு, பூண்டு ஐந்து பல். இரண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மைய அரைத்தால் சட்னி ஆகிவிடும். அலுமினியச் சட்டி கூடாது, வினிகர் அதை அரிக்கும். எவர்சில்வரில் எல்லாவற்றையும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். ஜன்னல் முக்கியம், மிளகாயும் வினிகரும் சேர்ந்து எழுப்பும் ஆவி மாடி வீட்டுக்காரரையும் இரும வைக்கும்.

மரவள்ளி மாவை நான் முதலிலேயே ஊற்றப் போனபோது என் கையைத் தட்டிவிட்டீர்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் மாவின் பிடிப்பு விட்டுப்போய் சோஸ் மறுபடியும் நீர்த்துவிடும். அதனால் இறக்கப்போகும் நேரத்தில், ஒரு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கலங்குவது ஒரு கொதியில் தெளிந்துவிடும். அதுவரை அங்குமிங்கும் ஓடிய விதைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இன்னும் நீர்க்க இருக்கிறதே என்று தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும், ஆறினால் தானாக இறுகும். ருசி பார்ப்பதும் ஆறிய பிறகுதான். சூட்டில் பார்த்தால் நாக்கு ஏமாறும் என்று நீங்கள் சொன்னது சத்தியம்.

மீன் சாறு சேராததால் எங்கள் வீட்டுச் சைவ நாட்களிலும் இது தடையில்லாமல் மேசைக்கு வருகிறது. மசால் வடைக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது என் கட்சி. பிள்ளைகள் முறுக்கையே தொட்டுத் தின்கிறார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

சயாம் ஆன்டி என்றாலும் உங்கள் ஊர் கெடா என்றுதான் சொல்வீர்கள். 1909இல் பிரிட்டனும் சயாமும் உடன்படிக்கை செய்து கோடு கிழித்தபோது, கெடாவும் பெர்லிஸும் கிளந்தானும் திரெங்கானுவும் பிரிட்டன் பக்கம் வந்தன. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், சட்டியும் உரலும் கூடவே இருந்தன. சயாம் நம் ஊருக்கும் அந்நியமில்லை என்பதற்கு நம் தலைக்கு மேலேயே சாட்சி நிற்கிறது. 1930இல் கட்டி முடித்த கெக் லோக் சி கோயில் கோபுரத்துக்கு அடி சீனப் பாணி, நடு உங்கள் சயாம் பாணி, முடி பர்மியப் பாணி; அடிக்கல் நாட்டியவர் சயாம் மன்னர் ஆறாம் ராமா. சுற்றுலா வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ சயாம் இந்த ஊரில் உங்கள் கடைச் சட்டியில்தான் அதிகம் இருப்பதாகப் படுகிறது.

ஏப்ரல் நடுவில் புலாவ் தீக்குஸ் சயாம் கோயிலில் நீங்கள் சொங்க்ரான் தண்ணீர் தெளிக்கும் அதே வாரத்தில் எங்களுக்குச் சித்திரைப் புத்தாண்டு. மாங்காய், வெல்லம், மிளகாய், வேப்பம்பூ போட்டு ஒரு பச்சடி வைப்போம். போன வருடம் கொண்டுவந்து கொடுத்தபோது ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுவும் சோஸ்தானே, மாவுதான் இல்லை" என்றீர்கள். வேப்பம்பூவை மட்டும் ஓரமாக ஒதுக்கியதையும் பார்த்தேன். பரவாயில்லை, எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. சுட்ட மீனுக்கு நீங்கள் வைக்கும் அந்தப் பச்சை சோஸ்: சிலி பாடி மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, அதோடு நாங்கள் வெட்டிக் குப்பையில் போடும் கொத்தமல்லி வேர். அடுப்பே வேண்டாம் என்றீர்கள், அளவு சொல்லவில்லை. இப்போதெல்லாம் வேரைக் கழுவி எடுத்துவைக்கிறேன். எந்த நாளில் வரட்டும், ஆன்டி?

உங்கள் வாடிக்கைக்காரி,
ஆயர் ஈத்தாம்