மூன்று ராஜாக்கள் வரும்வரை

டிசம்பர் 17, 2023, ஞாயிறு

காலைப் பூசையில் திருவருகைக்கால வளையத்தின் மூன்றாவது மெழுகுவர்த்தியை, ரோஸ் நிறத்தை, ஏற்றினார்கள். மழைக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை. மத்தியானத்துக்குள் எங்கள் தெருவே ஓடையாகிவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டால், “வாசப்படி ரெண்டு முங்கிருச்சு. வீட்டுக்குள்ள வராது, பயப்படாத” என்றாள். ஒன்பது மணிக்கு மேல் லைன் கிடைக்கவில்லை.

டிசம்பர் 18

கரண்ட் இல்லை. போன் இல்லை. மழை விடவே இல்லை.

டிசம்பர் 20, புதன்

அம்மா வந்துவிட்டாள். மதினியும் பையன்கள் இருவரும் கூட. இரண்டு ராத்திரி மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்திருக்கிறார்கள். கடற்கரைப் பையன்கள் லாரியில் பைபர் படகை ஏற்றி வந்து, தெருத் தெருவாகப் போய் ஆட்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீர் என்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்திருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே மாட்டிக்கொண்டதாம். இதெல்லாம் இன்றுதான் எங்கள் காதுக்கு வருகிறது.

அம்மாவின் தோளில் ஒரு கட்டைப்பை. உள்ளே மாத்திரை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம். அவற்றுக்கு மேல் பழைய சேலைத் துணியில் சுற்றி மூன்று ராஜாக்கள். குடிலில் வைக்கிற மண் சொரூபங்கள். மாதா, சூசையப்பர், பாலன், இடையர், ஆடு மாடு எல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. ராஜாக்கள் மட்டும் பரணில். அவர்கள் பிந்தி வருகிறவர்கள், அதனால் தனியே கட்டி வைக்க வேண்டும் என்பது என் ஆச்சி காலத்து ஒழுங்கு. அந்த ஒழுங்கால் இவர்கள் பிழைத்தார்கள்.

அம்மா குளித்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டாள்.

டிசம்பர் 22

அண்ணன் தோகாவிலிருந்து பேசினான். ஜனவரி 5ஆம் தேதிதான் வர முடியுமாம். சின்னவன் போனை வாங்கி, “அப்பா, அப்ப கிறிஸ்துமஸ் முடிஞ்சிருமே” என்று அழுதான். யாராலும் அவனைத் தேற்ற முடியவில்லை.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சொன்னாள்: “யாருலே சொன்னது முடிஞ்சிரும்னு? மூணு ராஜா வந்தாத்தான் முடியும். எங்கம்மா வீட்டுல அப்படித்தான்.”

பிறகு அந்தக் கதை வந்தது. ஆச்சி வீட்டில் 24ஆம் தேதி ராத்திரி பாலன் சொரூபத்தை வைப்பார்கள். அன்றைக்கு ராஜாக்கள் வீட்டின் கடைசி மூலையில் இருப்பார்கள். தினம் ஒரு பிள்ளை அவர்களை ஓர் அடி நகர்த்தும். தினமும் சாயந்தரம் ஒரு வீட்டுக் குடிலின் முன்னால் பத்துப் பேர் கூடிச் செபமாலை சொல்வார்கள், ஆளுக்கு ஓர் அச்சு முறுக்கு. ஜனவரி 6ஆம் தேதி ராஜாக்கள் குடிலைச் சேர்வார்கள், அன்றைக்குத்தான் பெரிய சாப்பாடு. எனக்கு இதில் ராஜாக்களைத் தனியே கட்டுவது மட்டுந்தான் தெரியும். மிச்சத்தை அம்மா எங்களை வளர்த்த காலத்தில் விட்டுவிட்டாள். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட், 26ஆம் தேதி வேலைக்குப் போய்விடுவார்.

டிசம்பர் 23

மதினி வெடித்துவிட்டாள். “ஃபிரிட்ஜ் போச்சு, பீரோ போச்சு, பிள்ளைங்க புத்தகமெல்லாம் கூழாப் போச்சு. ஒரு நாளைக் கடத்துறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு அத்தை. நீங்க பன்னிரண்டு நாள்ங்குறீங்க.”

அம்மா பதில் சொல்லவில்லை. நான்தான் நடுவில் புகுந்து, மறைக்கல்வி வகுப்பில் சொல்வதையெல்லாம் சொன்னேன். கிறிஸ்து பிறப்புக்கும் ராஜாக்கள் திருநாளுக்கும் இடைப்பட்ட நாளெல்லாம் திருநாளே என்று 567இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தார்கள். 26 முடியப்பர், 27 அருளப்பர், 28 மாசில்லாக் குழந்தைகள் என்று ஒவ்வொரு நாளுக்கும் பூசைப் புத்தகத்தில் இன்றும் இடம் இருக்கிறது. கடைக்காரர்கள் 26ஆம் தேதி ஸ்டாரை இறக்குவதால் பண்டிகை முடிந்துவிடாது. எல்லாம் உண்மைதான். மதினியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

ராத்திரி அவளுக்குப் பால் இல்லாத காப்பியைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒரு நாள் பண்டிகைன்னா அன்னைக்கே சிரிச்சாகணும். இது அப்படியில்ல. உனக்கு என்னைக்கு முடியுதோ அன்னைக்கு வா.” பிறகு இருவரும் சின்னவனுக்குச் சளி கட்டியிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் 24, ஞாயிறு

குடில் கட்டினோம். நாலு செங்கல், ஒரு அட்டைப்பெட்டி. மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிற பால்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு கை வைக்கோல் நனைந்திருந்தது, என் மகள் இஸ்திரிப்பெட்டி வைத்துக் காய வைத்தாள். சொரூபம் வாங்கக் கடைக்குப் போகலாமா என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன்.

இந்த டிசம்பரோடு குடிலுக்கு 800 வயது. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாக வைத்ததில் பொம்மையே கிடையாது. ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அந்தத் தொட்டியின் மேல்தான் பூசை வைத்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் வெறும் வைக்கோலைப் பார்த்துத்தான் முழங்காலிட்டார்கள். இதை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நவம்பரிலிருந்தே வைத்திருந்தேன். வகுப்பு நடக்கவில்லை, மருமகன்களுக்குச் சொன்னேன். பெரியவன் கேட்டான்: “அப்ப ராஜா வந்து யாரைப் பாக்கும்?” அம்மா சொன்னாள்: “முதல்ல வரட்டும்லே.”

நடுராத்திரிப் பூசையில் அலங்கார விளக்கு இல்லை, கேக் இல்லை. பாடகர் குழுவிலும் பாதிப் பேர்தான். ஆனாலும் அவர்கள் பாடியது என்னை உலுக்கிவிட்டது.

டிசம்பர் 26

முடியப்பர் திருநாள். ராஜாக்கள் அடுப்படி ஜன்னலில்.

டிசம்பர் 28, வியாழன்

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்துவிட்டது என்றார்கள். மண்வெட்டி, வாளி, பினாயில் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனோம். வழியில் டீக்கடை டிவி முன்னால் கூட்டம், விஜயகாந்த் இறந்துவிட்டார்.

கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை, இவர் தோளால் இடித்தார். சாக்கடையும் டீசலும் கலந்த வாடை. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, நாலு அறையிலும் ஒரே மட்டத்தில். கட்டில் இடம் மாறிக் கிடந்தது. அம்மா நேரே டிரங்குப் பெட்டியிடம் போனாள். உள்ளே சேறு. மண் சொரூபம் மண்ணாகவே போயிருந்தது. நீலச் சாயம் ஓரிடத்தில் திட்டாக இருந்தது, அது மாதாவின் முக்காடாக இருக்கலாம். அம்மா பெட்டியோடு தூக்கி வெளியே வைத்தாள். மதினி கல்யாண ஆல்பத்தைப் பிரித்தாள், தாளோடு படமும் உரிந்து வந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்கிற இடத்தில் ரோட்டை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் வீடுகள் எங்கே போகும்? அப்பாவின் மில் சம்பளத்தில் கட்டிய வீடு. கோபத்தில் கை நடுங்குகிறது, எழுத முடியவில்லை.

இன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதுக்குத் தப்பி ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடியதை நினைக்கிற நாள். சாயந்தரம் மாடி வீட்டு அக்கா, எதிர்வீட்டு ஆச்சி, அம்மா தெருக்காரர்கள் இரண்டு குடும்பம் என்று ஆட்கள் செபமாலைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் கூப்பிடவில்லை. முறுக்கு இல்லை, பொரிகடலை கொடுத்தோம். ஒன்பது மணிவரை யாரும் கிளம்பவில்லை. யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் பேச்சு.

ஜனவரி 1, 2024

பூசை. தூக்கம்.

ஜனவரி 3

காலையில் எழுந்தால் மதினி அடுப்படித் தரையில் உட்கார்ந்து அச்சு முறுக்கு அச்சைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சேற்றிலிருந்து அவளே எடுத்து வந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. துரு போகிறவரை புளியும் உப்பும், பிறகு சுடுதண்ணீர், பிறகு நன்றாகக் காய்ந்த எண்ணெய்க்குள் நெடுநேரம். பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் எள்ளும் போட்டுக் கரைத்தாள். அச்சு சூடாக இருக்கும்போதே மாவில் முக்கால் உயரம் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. முதல் ஏழெட்டு கழலவில்லை, கத்தியால் சுரண்டி எடுத்தாள். அதற்கப்புறம் பூப்பூவாக விழ ஆரம்பித்தது. பையன்கள் சுடச்சுடத் தின்றார்கள்.

எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, “ராஜா திருநாளுக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்லா?” என்றாள்.

ஜனவரி 4

ரேஷன் கடையில் வெள்ள நிவாரணம் ஆறாயிரம் ரூபாய்க்கு வரிசை. ராஜாக்கள் டிவி ஸ்டாண்டில். யார் நகர்த்துவது என்று பெரிய சண்டை.

ஜனவரி 6, சனி

அண்ணன் நேற்று நள்ளிரவில் வந்தான். திருவனந்தபுரத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்திருக்கிறான். பையன்களை எழுப்ப வேண்டாம் என்றான், அவர்களே எழுந்துவிட்டார்கள்.

இன்று மத்தியானம் பெரிய சாப்பாடு. கறிக்குழம்பு, மதினியின் முறுக்கு, அவன் கொண்டுவந்த பேரீச்சை. அர்மீனியத் திருச்சபைக்கு இன்றுதான் கிறிஸ்துமஸே என்று சொன்னேன். “அப்ப நான் கரெக்டாத்தான் வந்திருக்கேன்” என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள்.

சாயந்தரம் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் செத்திருந்தது. “வித்துருவோம்மா.” அம்மா, “யாரு வாங்குவா?” என்றாள். பிறகு, “நான் விக்க மாட்டேன்” என்றாள். குரல்கள் உயர்ந்தன. அதற்கு நடுவில் சின்னவன் மூன்று ராஜாக்களையும் தூக்கிக்கொண்டு போய்க் குடிலில் வைத்துவிட்டு, “வந்தாச்சு!” என்று கத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி 7, ஞாயிறு

நம் நாட்டுக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைதான் ராஜாக்கள் திருநாள், திருக்காட்சிப் பெருவிழா. மறைக்கல்வி வகுப்பு மறுபடி தொடங்கியது. மத்தேயு நற்செய்தியில் மூன்று பேர் என்ற கணக்கு இல்லை, ராஜா என்ற பேச்சும் இல்லை, ஞானிகள் என்றுதான் இருக்கிறது என்றேன். அவர்கள் வந்து சேர்ந்த இடம் தொழுவம் அல்ல, வீடு. ஒரு பெண் பிள்ளை எழுந்து, “டீச்சர், அந்த வீட்டுக்கு வாடகையா?” என்று கேட்டாள். அவள் குடும்பம் இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறது. தெரியவில்லை என்றேன்.

ஜனவரி 8

ஆண்டவரின் திருமுழுக்கு விழா. திருச்சபைக் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் இன்றோடு முடிகிறது. குடிலைப் பிரிக்கப் போனேன். பிப்ரவரி 2 வரைக்கும் இருக்கட்டும் என்றாள் அம்மா. பாலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கை கொடுத்த நாள், பிறந்து நாற்பதாம் நாள். அதுவரைக்கும் ஆச்சி வீட்டில் குடில் இருக்குமா என்று கேட்டேன். “சில வருசம் இருக்கும்” என்றாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

மெழுகுவர்த்தி மந்திரித்து வாங்கி வந்தோம். அண்ணன் போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது. வீட்டு விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தரையை மூன்றடி உயர்த்தலாம் என்கிறார் கொத்தனார், அதற்குக் கூரையையும் தூக்க வேண்டும். அம்மா தினமும் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வருகிறாள். சுவர் இன்னும் ஈரம். மதினி வாடகைக்கு மாடி வீடு பார்க்கிறாள், அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு ஒரு வீடு பார்க்கக் கூப்பிட்டிருக்கிறாள், நானும் போகிறேன். செபமாலைக்கு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று, இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். ஏழு மணிக்கு என்றேன்.