“என் பேரு இருக்குதா பாரும்மா!”

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே ரயில் நின்று போகும் சின்ன ஊர், எங்கள் அனுப்பம்பட்டு. மகளிர் குழு வேலையாகப் பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களுக்குப் போய், பெண்களின் பெயர்களை செல்போன் படிவத்தில் தமிழிலேயே பதிவு செய்தேன்.

இறால் கூடையோடு வந்த ஒரு பெரியம்மா, “போன தபா என் பேரை இங்கிலீசுல எழுதி, பாஸ்புக்கோட ஒத்து வரலைன்னு திருப்பிட்டாங்க. இந்தத் தபாவாவது சரியா எழுதும்மா” என்றார்.

அன்றிரவு பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி, எக்ஸெலில் திறந்தேன். பகீரென்றது! ஒரு பெயரும் இல்லை. தலையில் கோடு முளைத்த ஆங்கில எழுத்துகளும், வட்டத்துக்குள் சிக்கிய ‘ஆர்’ குறியும்தான் வரிசை வரிசையாக இருந்தன. மறுநாள் காலையில் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

“ஃபான்ட் இல்ல போல. பேசாம இங்கிலீஷ்ல அடிச்சுடு” என்றார் கணவர். பெரியம்மாவின் முகம் கண்முன் வந்தது. கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகளுக்கு போன் போட்டேன்.

“ஃபைல் கெடல சித்தி. எக்ஸெல் அதைத் தப்பா படிக்குது, அவ்ளோதான்” என்றாள்.

யூனிகோட் தமிழை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது, ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகுமாம். ‘மீன்’ என்பதில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என 4 குறிகள். மொத்தம் 12 பைட். டபுள் கிளிக் செய்து திறந்தால், அந்தப் பன்னிரண்டையும் 12 தனி ஐரோப்பிய எழுத்துகளாக எக்ஸெல் நினைத்துக்கொள்கிறதாம்.

அவள் சொன்னபடி, காலி ஷீட்டைத் திறந்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் ‘65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)’ என்று மாற்றியதும், அத்தனை பெயர்களும் பளிச்சென்று தமிழில் வந்துவிட்டன!

சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். வேறு பெயரில் சாதாரண சிஎஸ்வியாக சேமித்தேன். திரும்பத் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி. முதலில் வந்த கிறுக்கலிலிருந்து பெயரை மீட்கலாம். கேள்விக்குறியிலிருந்து மீட்கவே முடியாது. மூல ஃபைலைத் தொடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். மறுபடி இறக்கி, இந்த முறை ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுத்து சேமித்தேன்.

காலையில் பெரியம்மாவே போன் செய்தார். “என் பேரு இருக்குதா பாரும்மா!”

“இருக்கு பெரியம்மா. பாஸ்புக்குல இருக்கற மாதிரியே, ஒரு எழுத்துகூட மாறாம இருக்கு” என்றேன்.