கடாரம் கொண்டவன் சீமையும் சிங்கப்பூரும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணம். அந்த ஒரு மணிக்குள் பூமாதேவி புடைவை மாற்றிக் கொள்கிறாள். பெரம்பலூர்ப் பக்கத்தில் கரிசல் மண். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். கிழக்கே வர வர மண் வெளுத்துச் சுண்ணாம்புக்கல் பூமியாகிறது. சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் தென்படுகின்றன. அரியலூரையும் தாண்டி ஜயங்கொண்டம், ஆண்டிமடம் என்று போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுந்தான்.

இந்தச் சீமையைச் சர்க்கார் படுத்திய பாடு தனிக் கதை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-இல் சேர்த்தார்கள். 2007-இல் மறுபடியும் பிரித்தார்கள். கூட்டுக் குடும்பத்து அண்ணன் தம்பிகள் கூட இவ்வளவு தடவை பாகம் பிரித்துக் கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரியலூர் ஜில்லாவில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன், 1025-ஆம் ஆண்டில், ராஜேந்திர சோழனுடைய கப்பற்படை கடாரத்தின் மீது சென்றது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவிலுள்ள கெடா. அந்த மகாராஜாவின் தலைநகரில் இன்று கோவில் நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ தோண்டியெடுத்த செங்கல் அஸ்திவாரங்களே மிச்சம். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் மட்டும் இன்றும் அதே கடலைத் தாண்டிக் கொண்டிருக்கிறார்கள். படை எடுத்து அல்ல, பர்மிட் எடுத்து.

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் ஒருவர் அழைத்ததன் பேரில் நானும் பத்து நாள் சிங்கப்பூர் போய் வந்தேன். ஒரு நகரத்தை ஒரு தேசத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஆகையால் பாரத தேசத்தை விட்டுவிட்டு, நம்முடைய ஜில்லாவையே எடுத்துக் கொள்கிறேன். சிங்கப்பூரின் பரப்பு பெரம்பலூர் ஜில்லாவின் பரப்பில் பாதி கூட இல்லை. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பெரம்பலூரில் வசித்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று அதிகம். சிங்கப்பூரில் இப்போது அறுபது லட்சம் பேர் இருக்கிறார்கள். விளைநிலம் இல்லை, சுரங்கம் இல்லை, குடிக்கும் ஜலத்துக்குக் கூட 1962-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூரை எதிர்பார்க்க வேண்டும். அது போதாதென்று 2003 முதல் கழிவு நீரையே சுத்தி செய்து மறுபடி உபயோகிக்கிறார்கள். நமக்கோ தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. ஆயினும் பெரம்பலூரில் பல ஊர்களில் கோடைக் காலத்தில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன.

சிங்கப்பூர் வெறும் மீன்பிடி குப்பமாயிருந்து ஒரே பாய்ச்சலில் சொர்க்கமாயிற்று என்று சொல்வார்கள். அது சரியல்ல. 1965-இல் சுதந்திரம் அடைந்தபோதே அது செழிப்பான துறைமுகம். தலைக்கு வருமானம் அப்போதே இந்தியாவைப் போல நான்கு மடங்கு. ஆனால் குடியிருப்பு மோசம். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். இன்று பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அந்தக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் வசிக்கிறார்கள். பெருக்குகிறவரும் பாங்கி குமாஸ்தாவும் ஒரே மின்தூக்கியில் ஏறுவதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் நாம் அவ்வளவு தலை குனிய வேண்டியதில்லை. 1965-இல் அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 26 இறந்தன. 2020-இல் தமிழ்நாட்டுக் கணக்கு 13. இந்தியா முழுவதற்கும் 28. சிங்கப்பூர் இப்போது இரண்டுக்கு வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

படிப்பு விஷயந்தான் உபாத்தியாயனாகிய என்னை உறுத்துகிறது. 2009-ஆம் வருஷத்துப் பரீட்சைச் சுற்றில், பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தேசம் தேசமாகச் சோதிக்கும் 'பிஸா'வில் தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் கலந்து கொண்டன. எழுபத்து நான்கு பிரதேசங்கள் கொண்ட பட்டியலில் இரண்டும் கடைசிப் படிகளில் நின்றன. சிங்கப்பூரும் அந்தச் சுற்றில்தான் முதன்முதலாகக் கலந்து கொண்டது. கணக்கில் இரண்டாவதாக வந்தது. 2022-இல் கணக்கு, விஞ்ஞானம், வாசிப்பு மூன்றிலும் அதற்கே முதலிடம். நாம் என்ன செய்தோம்? அடுத்து வந்த சுற்றுகளில் பரீட்சைக்கே போகவில்லை. மார்க்கு குறைந்த பையன் மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக் கொள்வதை நான் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் ரோடு முழுவதும் நம் ஊர் முகங்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், "ஸார்! என்னைத் தெரியுதுங்களா?" என்று கையைப் பற்றிக் கொண்டான். செந்துறைப் பக்கத்துப் பையன். என்னிடம் பத்தாவது படித்தவன். முப்பது வயதுக்குள் முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. சிமெண்டு விளைகிற மண்ணில் பிறந்தவன் கடல் கடந்து போய்ச் சிமெண்டு குழைக்கிறான்!

"ஊர் எப்படியப்பா இருக்கிறது? வெகு சுத்தமாக அல்லவா இருக்கிறது?" என்றேன்.

"நீங்க பார்த்த சிங்கப்பூர் வேறே ஸார். நாங்க இருக்கிற சிங்கப்பூர் வேறே" என்றான்.

தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேராம். வேலைக்குப் போவது லாரியின் பின்புறத்தில். மனைவியை அழைத்து வந்து குடும்பம் நடத்த அவனுடைய பர்மிட் இடம் கொடாது. 2020-இல் கொரோனா வந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அத்தகைய விடுதிகளில் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த நோய் கண்டது. இவனும் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓவர்டைம் சேர்த்து மாதம் 900 வெள்ளி வருகிறது. நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். முதல் ஒன்றரை வருஷச் சம்பாத்தியம் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனுக்கே சரியாய்ப் போயிற்று.

ஊர் திரும்பியபின் அவன் வீட்டுக்குப் போனேன். மாடி எழும்பி விட்டது. வர்ணம் இன்னும் அடிக்கவில்லை. அவனுடைய தாயார் திண்ணையில் முந்திரிக்கொட்டை காய வைத்துக் கொண்டிருந்தாள். ரேஷன் அரிசிக்குக் காசில்லை; ரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சிங்கப்பூர்ப் பிரஜையே பெரும்பாலும் வைத்தியச் செலவில் தன் பங்கைக் கட்டியாக வேண்டும். "எனக்கு என்ன குறைச்சல் ஐயா? பிள்ளை முகந்தான் கண்ணிலே இல்லை" என்றாள்.

தேக்காவில் விடை பெறும்போது அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "பையன் அஞ்சாவது முடிச்சிட்டான் ஸார். டவுனிலே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலே சேர்த்தா வருஷம் என் மூணு மாசச் சம்பளம் போயிடும். உங்க பள்ளிக்கூடத்திலே விட்டா அவன் என்னை மாதிரி இங்கே வரவேண்டியிருக்குமா?"

ஜூன் மாதம் பையன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். பெருக்கல் வாய்பாடு பன்னிரண்டு வரை சொல்கிறான், பின்னத்தில் தடுமாறுகிறான். சாயங்காலம் மணி அடித்த பின்பு, அவனையும் இன்னும் ஏழு பேரையும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துக் கொள்கிறேன்.