காதுல விழலியா?

எங்க அம்மாவின் இடது காதுக் கம்மல் காணாமல் போனது ஓர் ஆனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை. கடையநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட் தோட்டம் உண்டு. ஆட்டுக்குப் புல் அறுத்துவிட்டு எழுந்தவள், காதைத் தடவிப் பார்த்திருக்கிறாள். வெறும் ஓட்டை!

இன்னிக்குத் தங்கம் விக்கிற விலையில் அது பெரிய நஷ்டம்தான். ஆனால், அம்மா விலையைச் சொல்லிப் புலம்பவில்லை. "எங்க அம்மை போட்டதுலா..." என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் ஒத்தைக் கம்மலோடு நடமாட ஆரம்பித்துவிட்டாள். கழற்றவும் மாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அம்மா காதைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்கள்.

முறைக்க வேண்டியதுதான். "திருகு தேஞ்சிருக்குய்யா, ஆசாரிகிட்ட காட்டணும்" என்று அம்மா மூணு தடவை சொல்லியிருக்கிறாள். மூணு தடவையும் நான் காதில் இயர்போனோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் நல்லா ஆட்டியிருக்கேன்!

ரெண்டு நாள் மண்ணைச் சலித்தோம். இடுப்பு வலிதான் மிச்சம். மூணாம் நாள் எதிர்வீட்டு நண்பர் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர். கடற்கரையில் பொழுதுபோக்காகத் தேட வாங்கிய மெட்டல் டிடெக்டர் அவரிடம் இருந்தது. கோயில் வாசலில் போலீஸ்காரர் கையில் வைத்திருக்கிறாரே, அதுக்கு அண்ணன். நீளமான கம்பு. அடியில் தோசைக்கல் சைஸில் ஒரு வட்டம். இரும்பு என்றால் 'டொம்' என்று கட்டைக் குரல். செம்பு, வெள்ளி என்றால் கீச்சுக் குரல். தங்கக் கம்மல் ரெண்டுக்கும் நடுவில். ஜிகினாத் தாளும் அதே நடுவில்தான் என்பது பின்னால் தெரிந்த சோகம்.

மெஷின் ரெடி. கம்மல் ரெடி. காற்று விடவில்லை! ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் சாரல் காற்று தெரியும்தானே? தென்னை ஓலை போடுகிற சத்தத்தில் பெற்ற பிள்ளை கூப்பிட்டாலே கேட்காது. அந்தப் பொடி ஸ்பீக்கர் எந்த மூலைக்கு? "ஹெட்போன் மாட்டிக்கிடுங்க" என்றார் நண்பர். அங்கே ஆரம்பித்தது சனி.

என் செல்போன் இயர்போன் பின் 3.5 மில்லிமீட்டர். மெஷினின் ஓட்டை 6.35. எலி வளையில் எறும்பு நுழைந்த மாதிரி உள்ளே போய் ஆடியது. இருபது ரூபாய்க்கு மாத்துப் பின் வாங்கிச் செருகினேன். ஒரு காதில் மட்டும் சத்தம், இன்னொரு காது மௌன விரதம். மெஷின் மோனோவாம், என் இயர்போன் ஸ்டீரியோவாம். ரெண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை!

தென்காசிக் கடைப் பையன், "வயரே வேணாம் சார், புளூடூத் போங்க" என்றான். மெஷினில் செருக ஒரு டிரான்ஸ்மிட்டரையும் தலையில் கட்டினான். தோட்டத்தில் வீசிப் பார்த்தேன். 'பீப்' வந்தது. தோண்டினேன், ஒண்ணுமில்லை. நாலு இடத்தில் குழி பறித்த பிறகுதான் உண்மை புரிந்தது. சத்தம் கால் விநாடி லேட்! அதற்குள் வட்டம் முக்கால் அடி தள்ளிப் போயிருக்கும். பாட்டுக்குப் பரவாயில்லை, தேடுவதற்கு ஆகுமா? தாமதம் குறைவான ரகமும் இருக்கிறது. விலையைக் கேட்டேன். அதுக்கு இன்னொரு கம்மலை விற்கணும்!

ஆபீஸ் நண்பர் இரைச்சலை அடக்கும் ஹெட்போனை இரவல் தந்தார். பஸ் உறுமல் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை அமுக்குவதில் அது கில்லாடி. ஆனால் அதன் மைக்கிலேயே எங்க ஊர்க் காற்று அடிக்க, காதுக்குள் குற்றாலம் கொட்டியது.

கடைசியில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடும் அண்ணாச்சியிடம் சரணடைந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, பாட்டு கேக்க ஹெட்போன் வேற, தேடுறதுக்கு வேற. பாட்டுக்கு 'டங்கு டங்கு'ன்னு பேஸ் வேணும். தேடுறதுக்கு எதுக்கு? பொடிச் சத்தம் தெளிவா கேக்கணும், பெரிய சத்தம் காதைக் கிழிக்கப்படாது. அம்புட்டுதான்."

பரணிலிருந்து பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்தார். காதை முழுசாக மூடும் கிண்ணம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, சுருள் வயர். நுனியை வெட்டி, ரெண்டு காது வயரையும் ஒண்ணாகச் சேர்த்து, பெரிய மைக் பின்னை வைத்துப் பற்றவைத்தார். காசு கேட்கவில்லை. "கம்மல் கிடைச்சா சொல்லும்" என்றார்.

அன்று ராத்திரி புஸ்தகம் புரட்டியதில் ஒரு ஆறுதல். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட கிரகாம் பெல், உலோகம் தேடும் கருவி ஒன்றைச் செய்து, டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். படுக்கையின் இரும்பு ஸ்பிரிங்குகளும் குழப்பம் செய்ய, குண்டு அகப்படவில்லை. ஆக, இந்த மெஷின் பிறந்த காலத்திலிருந்தே காதுதான் முக்கியம். பெல்லுக்கே அல்வா கொடுத்த மெஷின், நான் எம்மாத்திரம்?

மறுநாள் தேடலில் கிடைத்தவை: மாட்டு லாடம் ஒன்று, டானிக் மூடி ஏழு, மாத்திரை அட்டை எண்ணிலடங்கா. காதை மூடியதில் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடியதே தெரியவில்லை! "புதையல் எடுக்கான்" என்று தெருவெல்லாம் பேச்சு. ஒரு பெரியவர், "கலெக்டருக்கு எழுதிப் போடணும்லே" என்றார். வாஸ்தவம். மண்ணில் மறைந்திருக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பாக இருந்தால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம். "இது புதையல் இல்ல பெரியப்பா, போன வாரம் அம்மா போட்டது" என்றேன். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

நாலாம் நாள் சாயங்காலம். முருங்கை மரத்தடி. சத்தம் என்றே சொல்ல முடியாது. மூச்சு மாதிரி ஒரு சின்ன 'ம்'. முந்தின நாளும் அதே இடத்தில் கேட்டது. "அட, மாத்திரை அட்டை" என்று தாண்டிப் போயிருந்தேன். இந்த முறை நின்றேன். திரும்பவும் மெதுவாக வீசினேன். 'ம்'. விரலால் மண்ணைக் கிளறினேன். மூணு விரல்கடை ஆழத்தில், புல் வேரோடு பின்னிக்கொண்டு... கம்மல்!

ஓடிப்போய் அம்மா கையில் வைத்தேன். முந்தானையால் துடைத்தாள். கண்ணையும் அதே முந்தானையால்தான் துடைத்தாள். அப்புறம் கம்மலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "என்னம்மா?" என்றேன்.

கிட்டே வந்து என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"திருகு எங்கலேன்னு கேட்டேன். காதுல விழலியா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே ஆசாரி கடைக்குப் போனேன். வெறும் காதோடு!