முன்னிருக்கை

1905 பிப்ரவரி 2, பழைய ருஷ்யக் கணக்கின்படி. மாஸ்கோவில் ஜார் மன்னரின் சிறிய தகப்பனாரான செர்கேய் கோமகனின் கோச்சு வண்டியை நோக்கி வெடிகுண்டுடன் ஓடினான், 27 வயதுப் புரட்சியாளன் இவான் கலியாயெவ். உள்ளே கோமகளும் இரு குழந்தைகளும் இருக்கக் கண்டு, ஓங்கிய கையைத் தாழ்த்தினான். தோழர்களும் அதனைச் சரியென்றே ஏற்றனர். ஆல்பர்ட் காம்யு 1949-இல் இதனை நாடகமாக்கினார்.

அந்தத் தாழ்ந்த கையை நினைக்குந்தோறும் அவன்பால் எனக்கு அன்பு சுரக்கும். இரண்டு நாள் கழித்துக் கிரெம்ளினுள் கோமகன் குழந்தைகளின்றி வந்தபோது கை தயங்கவில்லை. கருணை மனு எழுத மறுத்துத் தூக்கேறினான். அந்த உறுதியையும் மதிக்கிறேன்.

ஆயினும், பிறர் இட்ட பணியைச் செய்தே காலங்கழிக்கும் எழுத்தனாகிய என் கண் முன்னிருக்கைக்கே செல்கிறது. அங்கே கடிவாளம் பிடித்திருந்தவர் வண்டியோட்டி ருதின்கின். அவர் அன்று மட்டுமா இருந்தார்? கோமகனின் வண்டி என்றால் ஓட்டியும் உண்டுதானே! படுகாயமுற்ற அவர் சில நாளில் இறந்தார். அவருக்காக எந்தக் கையும் தாழவில்லை.