பேத்தியின் தேர்வும் பாட்டியின் நேர்த்திக்கடனும்

தேர்வுக் காலம் வந்துவிட்டால் திருவஹீந்திரபுரம் ஔஷதகிரியில் எழுந்தருளியுள்ள ஹயக்ரீவர் ஸந்நிதியிலும், பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர் சரஸ்வதி ஆலயத்திலும் மாணவர் கூட்டம் பெருகும். பேரப் பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விக்கும் முதியோரும் அங்கே மிகுதி. தேர்வு முடிவு வெளியான பிறகோ, எண்ணிய மதிப்பெண் கிட்டாத பிள்ளைகளின் இல்லங்களில் தேர்வைவிடக் கடினமான வினா ஒன்று எழுகிறது. மறுபடியும் எழுதுவதா, கிடைத்த படிப்பில் சேர்வதா?

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் சேரும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டுமே எழுத இயலும். நீட் தேர்வுக்கு அத்தகைய வரம்பு இல்லை. போதும் என்று அங்கே விதி சொல்லிவிடுகிறது. இங்கே அதைப் பிள்ளையே சொல்லியாக வேண்டும்.

மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் அந்த வினா இரண்டாம் முறையாக எழுந்தது. முதல் ஆண்டும் மறு ஆண்டும் தேர்வெழுதிய பெண்ணுக்கு மருத்துவ இடம் கிட்டவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் வேளாண்மைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கையில் வந்ததை விட வேண்டாம் என்றார் தந்தை. இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம் என்றார் தாய். பெண் எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தின் காரணம் பாட்டிக்கு ஒரு மாலை விளங்கிற்று. பேத்தி மருத்துவரானால் வைத்தீஸ்வரன்கோயிலில் செல்வ முத்துக்குமார சுவாமிக்கு அபிஷேகம் செய்விப்பதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். உறவினர் அனைவரும் அறிந்த வேண்டுதல் அது. விளக்கேற்றிவிட்டு அமர்ந்தவரிடம் பேத்தி மெல்லக் கேட்டாள்:

"பாட்டி, நான் இத்துடன் நிறுத்திவிட்டால், முருகன் உங்கள் வேண்டுதலைத் தள்ளிவிட்டார் என்று ஆகிவிடாதா?"

பாட்டிக்கு உடனே பதில் வரவில்லை. பக்தியோடு தாம் நேர்ந்த ஒன்று, குழந்தையின் தோளில் பாரமாக ஏறியிருப்பதை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த வாரமே கார்த்திகை நட்சத்திர நாளில் வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்று அபிஷேகத்தைச் செய்வித்தார். பலித்தால் செய்வேன் என்ற நிபந்தனையைத் தாமே நீக்கிக்கொண்டார். திருநீறும் சந்தனமும் கொண்டு வந்து கொடுத்து, "வேண்டிக்கொண்டவள் நான், செலுத்தியும் விட்டேன். இனி அந்தக் கணக்கில் நீ இல்லை அம்மா. உனக்கு எது சரியென்று படுகிறதோ, அதைச் செய்" என்றார்.

நாள்தோறும் கீதை பாராயணம் செய்யும் பெரியோர் இதன் அருமையை அறிவர். எது நன்மையோ அதை நிச்சயித்துச் சொல் என்று 2-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் சரணடைகிறான். சாரதியாக வந்த பகவான் 18-ஆம் அத்தியாயம் வரை பொறுமையோடு உபதேசிக்கிறார். நிறைவில், அனைத்தையும் ஆராய்ந்து முடிவெடுக்கும் உரிமையை அர்ஜுனனிடமே ஒப்படைக்கிறார். கவலை வேண்டாம் என்று தேற்றுவது அதற்குப் பின்னர்தான். சர்வ வல்லமை படைத்தவனே தன் சீடனின் முடிவைத் தான் எடுக்கவில்லை.

பாரம் இறங்கியதும் பெண் தேர்வை விட்டுவிடுவாள் என்றே வீட்டார் எதிர்பார்த்தனர். அவள் தன் விடைகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் கணக்குப் பார்த்தாள். உயிரியலில் குறை அதிகமில்லை. இயற்பியலில் தெரியாத வினாக்களுக்கெல்லாம் குருட்டாம்போக்கில் விடையளித்து, இருந்த மதிப்பெண்ணையும் இழந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் ஒரு வினாவையும் விட மனம் வரவில்லை என்றாள். இன்னும் ஒரே ஒரு முறை எழுதுவது, இயற்பியலுக்கே பெரும்பொழுதை ஒதுக்குவது, அதிலும் கிட்டாவிட்டால் வேறு படிப்பில் மனநிறைவோடு சேர்வது என்று அவளே முடிவு செய்தாள். வேளாண்மை இடத்தை விடுவதில் தந்தைக்கு வருத்தமே. ஆயினும் மகள் காரணத்தோடு பேசியதைக் கேட்டுச் சம்மதித்தார்.

அவள் இனித்தான் தேர்வெழுத வேண்டும். முடிவு எதுவாக இருக்கும் என்பதை ஆண்டவனே அறிவான். பாட்டியின் பிரார்த்தனை மட்டும் மாறிவிட்டது. மருத்துவ இடம் வேண்டும் என்று அவர் இப்போது கேட்பதில்லை. குழந்தைக்குத் தெளிந்த புத்தியும் நல்ல உறக்கமும் வேண்டும் என்கிறார். விடியற்காலையில் படிக்க எழும் பேத்திக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிறார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை.